அட்டையின் ஒன்பதாவது வரி

போன வாரம் ஷர்மிளா எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். இன்டர்நெட் கம்பெனியின் துபாய் கஸ்டமர் கேர் ஆபீஸில், நான் வேலையை விட்ட பிறகு என் நாற்காலிக்கு வந்தவள் அவள். படத்தில் இருந்தது பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு மஞ்சள் அட்டை. வீட்டு ரவுட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை என்று யாராவது போன் செய்தால் வரிசையாக என்னென்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்லும் அட்டை. கீழே எழுதியிருந்தாள்: “அக்கா, புது மாடல்ல யூஎஸ்பி போர்ட்டே கிடையாதாம். இந்தக் கார்டை எடுத்துடப் போறாங்க. ஒன்பதாவது லைன் மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு? யாருக்கும் தெரியலை.”

மொத்தம் பன்னிரண்டு வரிகள். மற்ற பதினொன்றும் கட்டளைகள். விளக்கு எரிகிறதா பார், கேபிளை மாற்று, அணைத்துப் போடு. ஒன்பதாவது வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘எதையும் அழுத்துவதற்கு முன்னால் திரையில் இருப்பதை நமக்கு வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் போனை வைக்கக் கூடாது, நேரம் சிவப்பானாலும்.’

அதை எழுதியது நான். ஷர்மிளாவுக்கு அவ்வளவு மட்டும் பதில் போட்டுவிட்டு இருந்திருக்கலாம். இரண்டு நாள் யோசித்தேன். ஆதிரை மத்தியானம் தூங்கும் நேரத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். சரியாகத்தான் நினைவில் இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியிலும் சந்தேகம் வருகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

முப்பத்தொரு வயதில் ‘நான் வேலையில் இருந்த காலத்தில்’ என்று ஆரம்பித்தால் சிரிப்பு வரும். ஆனால் அது முடிந்துபோன காலம்தான். என் கணவர் பிரபுவுக்குச் சவூதியில் அல் கோபாருக்கு வேலை மாறியபோது எனக்கு ஏழாம் மாதம். அவர் அங்கே, நான் ஷார்ஜாவில். ஷிப்ட் வேலைக்குப் போகும் அம்மாவின் குழந்தையை யார் பார்ப்பது? ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். ஆதிரைக்கு இப்போது இரண்டரை வயது.

வேலையில் சேர்ந்தபோது மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். தூத்துக்குடியில் நாலு வருஷம் படித்த எலக்ட்ரானிக்ஸ் அந்த மூன்று வாரத்தில் எங்கும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது காதுதான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் எதிரில் இருப்பவர் வீடும் தெரியாது, முகமும் தெரியாது. ஆறு வருஷத்தில் ஒரு கஸ்டமரின் ரவுட்டரைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் வரும் அழைப்புகள். திரையின் ஓரத்தில் நேரம் ஓடும். ஏழு நிமிடத்தில் மஞ்சள், ஒன்பதில் சிவப்பு.

எங்கள் டீம் லீடர் ஹாஜரா மேடம். காயல்பட்டினத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது தப்பு செய்துவிட்டு அவர் மேசைக்குப் போனால் முதலில் நாற்காலியை இழுத்துப் போடுவார். பென்சிலை எடுப்பார். “நீங்க என்ன நினைச்சீங்கங்கிறது வேணாம். அவங்க என்ன சொன்னாங்க, நீங்க என்ன சொன்னீங்க, அதை மட்டும் சொன்ன மாதிரியே சொல்லுங்க” என்பார். நாம் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். பாதியிலேயே தப்பு எங்கே என்று நமக்கே தெரிந்துவிடும். திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

முதல் வருஷத்தில் துபாய் தேராவிலிருந்து ஒரு ஜவுளிக் கடைக்காரர் கூப்பிட்டார். டிஸ்க் டிவியில் வரவில்லை, விளக்கு மட்டும் எரிகிறது என்றார். அட்டை முழுவதும் கேட்டு முடித்தேன், பலனில்லை. பின்னால் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த ஹாஜரா மேடம், “போனை டிஸ்க் மேல வைக்கச் சொல்லுங்க” என்றார். வைத்தார். டிக், ஒரு நொடி அமைதி, மறுபடி டிக். சுழலப் பார்த்து முடியாமல் நிற்கும் சத்தம். பழைய பெரிய டிஸ்க், ரவுட்டரின் போர்ட் கொடுக்கும் மின்சாரம் அதற்குப் போதவில்லை. தனி பவர் உள்ள யூஎஸ்பி பெட்டி ஒன்றை நடுவில் போட்டதும் ஓடியது. “டாக்டரம்மா மாதிரி காதை வச்சே சொல்லிட்டீங்களே” என்றார் கடைக்காரர். அன்று பஸ்ஸில் ஷார்ஜாவுக்கு வரும் வழியெல்லாம் அந்த டிக் டிக் காதிலேயே இருந்தது. ஒரு பொருள் தனக்கு என்ன குறை என்று சொல்கிறது, அது எனக்குப் புரிகிறது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. இப்போதும் யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் ரவுட்டரைத் தேடும். ஆரஞ்சு விளக்கு எரிந்தால் கை பரபரக்கும்.

ஒன்பதாவது வரி தங்கவேல் என்பவரால் வந்தது. வேலைக்கு வந்த நாலாவது வருஷம். எனக்கு அப்போது குழந்தை இல்லை. இதைச் சொல்வது முக்கியமா என்று தெரியவில்லை.

ஷார்ஜா ரோலாவில் எட்டுப் பேர் தங்கியிருந்த ரூம் அது. தங்கவேல் பெரம்பலூர்ப் பக்கம், ஏசி மெக்கானிக். அன்று அவருக்கு லீவு நாள், மத்தியானம் கூப்பிட்டார்.

“மேடம், ரவுட்டர்ல மாட்டின டிஸ்க்கு ரெண்டு நாளா போன்ல வரலைங்க.”

“அதுல யாராவது கை வச்சாங்களா? கழட்டி மாட்டினாங்களா?”

“யாரும் தொடலைங்க. அலமாரி மேல கெடக்கு. ஏணி போட்டாத்தான் எட்டும்.”

“என்ன இருக்கு அதுல?”

அட்டையில் அந்தக் கேள்வி கிடையாது. ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“எல்லார் வீட்டு வீடியோவுங்க. லீவுக்குப் போறவன் ஊர்லேருந்து அள்ளிட்டு வந்து இதுல போட்டுருவான். போன்ல எங்கங்க எடம் இருக்கு? எம்பொண்ணு பொறந்ததுலேருந்து இதுலதான் இருக்கு. ஒம்பது வருசம். நான் கேன்சல் போட்டுட்டேன் மேடம், பன்னெண்டாம் நாள் ஃப்ளைட்டு. போறப்ப என்னோடத மட்டும் பென் டிரைவ்ல எடுத்துக்கலாம்னு பாத்தா இப்பிடி ஆயிடுச்சு.”

விசாவைக் கேன்சல் செய்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்புகிறவர். அந்த ரூமில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர். சாப்பிட்டு முடித்துக் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவரவர் போனில் அவரவர் பிள்ளைகளைப் பார்ப்பார்களாம். சில நாள் மாற்றி மாற்றியும் பார்ப்பார்களாம்.

போனை டிஸ்க் அருகில் வைக்கச் சொன்னேன். ஏணி போடும் சத்தம் கேட்டது. பிறகு சீரான ஒரு இரைச்சல். நன்றாகத்தான் சுழல்கிறது, அப்படியென்றால் உயிர் இருக்கிறது. உள்ளே ஏதோ குழம்பியிருக்கிறது, அதனால் ரவுட்டர் அதைத் திறக்க மறுக்கிறது. இதற்கு லேப்டாப்பில் மாட்டிப் பார்க்க வேண்டும். திரை ஓரம் சிவப்பாகியிருந்தது.

“லேப்டாப் இருக்கா அண்ணா?”

“காசிம் பாய்கிட்ட இருக்குங்க. மொபைல் கடைல வேலை பாக்குறாரு. சாயந்திரம்தான் வருவாரு.”

“அவர் வந்ததும் அதுல மாட்டித் திறக்குதான்னு பார்த்துட்டு எங்களுக்குக் கூப்பிடுங்க.”

வைத்துவிட்டேன். அடுத்த அழைப்பு ஒரு சூரத் பெண்மணி, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. அதற்கடுத்து யாரோ, அதற்கடுத்து யாரோ. மூன்று மணி நேரம் கழித்து டீ எடுக்க எழுந்தபோதுதான் உறைத்தது. உள்ளே குழம்பிய டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டினால் அது கேட்கும் முதல் கேள்வியே ‘இதை ஃபார்மட் செய்யட்டுமா’ என்பதுதான். சரி என்று அழுத்தினால் எல்லாம் போய்விடும். அழுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை.

சொன்னேனோ என்று யோசித்தேன். சொல்லியிருப்பேன் என்று என்னையே நம்பவைக்கப் பார்த்தேன். சொல்லவில்லை.

அப்போதெல்லாம் எங்கள் மேசையிலிருந்து வெளியே கூப்பிட முடியாது, டீம் லீடரின் போனிலிருந்துதான் முடியும். ஹாஜரா மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். சொன்ன மாதிரியே சொன்னேன். பென்சில் நின்றது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் மேடம்.”

“என்ன சொல்லலை?”

சொன்னேன். அவர் அதையும் எழுதினார். பிறகு போனை எடுத்து, எனக்கும் கேட்கும்படி வைத்தார். இரண்டு தடவை மணியடித்து நின்றது. மூன்றாம் தடவை ஒரு உற்சாகமான குரல்.

“ஹலோ, தங்கவேல் அண்ணன் குளிக்கிறாரு. நான் ரூம்மேட் காசிம்.”

“தம்பி, அந்த டிஸ்க்கை லேப்டாப்புல மாட்டிட்டீங்களா?”

“அதெல்லாம் சரி பண்ணியாச்சு மேடம். ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு, ஓகே குடுத்தேன். ரெண்டே நிமிஷம். இப்ப அழகாத் தொறக்குது.”

“தொறந்தா உள்ள என்ன இருக்கு?”

“உள்ள…” மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது. “உள்ள காலியா இருக்கு.”

ஹாஜரா மேடம் கண்ணை மூடித் திறந்தார்.

“எந்த ஊரு நீங்க?”

“கீழக்கரைங்க.”

“அதான் இவ்வளவு வேகம். நான் காயல்பட்டினம்.”

“லாத்தா,” என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார், “நான் வேணும்னு…”

“வேணும்னு பண்ணலை, தெரியும். இப்ப கையை எடுங்க. அந்த டிஸ்க்ல ஒரு பாட்டுகூடக் காப்பி பண்ணக் கூடாது, எதையும் போட்டுப் பார்க்கக் கூடாது. மேலோட்டமா அழிஞ்சிருக்கு, உள்ள எல்லாம் இன்னும் கிடக்கும். மேல எதையாவது எழுதினா அதுதான் போகும். முறையா எஜெக்ட் குடுத்துக் கழட்டி ஒரு துணியில சுத்தி வைங்க. உங்க லைன்ல டேட்டா எடுத்துக் குடுக்கிற கடை தெரியுமா?”

“தேராவுல ஒரு ஆளு இருக்காரு லாத்தா.”

“நாளைக்குக் காலைல கடை தொறக்கும்போது நீங்க அங்க நிக்கணும்.”

அப்போது தங்கவேல் வந்துவிட்டார் போலிருக்கிறது. பின்னால் “என்னாச்சு, மேடமா?” என்று கேட்டது. காசிம் ஏதோ சொன்னார். தங்கவேல் போனை வாங்கினார். கோபப்படுவார் என்று நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“எட்டுப் பேரோடதும் இருக்கு மேடம்” என்றார். “மத்தவங்களுக்கு நான் என்ன சொல்றது?”

ஹாஜரா மேடம் வேறொன்று கேட்டார். “அண்ணா, உங்க ரூம்ல எல்லாரும் ட்யூட்டிக்குப் போகும்போது ஏசியை எப்படி ஆஃப் பண்ணுவீங்க?”

“தனியா எதுக்குங்க, கடைசியா போறவன் மெயினையே ஆஃப் பண்ணிருவான். போன வருசம் கீழ் ரூம்ல வயரு எரிஞ்சதுலேருந்து அதான் ரூல். ஒருத்தனும் மறந்ததில்ல.”

அவர் பென்சிலால் அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். அலமாரி மேல் இருந்ததை யாரும் தொடவில்லைதான். ஆனால் ஒரு வருஷமாகத் தினமும், டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்திருக்கிறது. பொறுப்பாக நடந்துகொண்ட எட்டுப் பேரும் சேர்ந்துதான் அதைக் கெடுத்திருக்கிறார்கள். நான் அட்டையைப் பார்த்து ‘யாராவது தொட்டார்களா’ என்று கேட்டேன். அவர்கள் உண்மையைச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஆபீஸுக்குப் போனதும் கம்ப்யூட்டரில் அந்தப் புகாரின் பதிவைத்தான் முதலில் திறப்பேன். முதல் நாள், கடைக்காரர் வாங்கி வைத்திருக்கிறார். இரண்டாம் நாள், முயற்சி நடக்கிறது. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, கடை இல்லை. வீட்டில் சோறு பொங்கி அடுப்பை அணைத்தது ஞாபகமில்லாமல் இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தேன். பிரபு கேட்டபோது ஆபீஸில் ஒரு கேஸ் என்றேன். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் தங்கவேலே கூப்பிட்டார். என் பெயரைச் சொல்லி என்னிடம்தான் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

“நேத்து வந்துருச்சு மேடம். எல்லாம் வந்துருச்சுன்னு கடைக்காரரு சொல்றாரு. ஆனா ஒரு பேரும் இல்லைங்க. ஃபோல்டரும் இல்ல. வெறும் நம்பரு. ரெண்டாயிரத்துச் சொச்சம் வீடியோ, எல்லாம் ஒண்ணாக் கலந்து கெடந்துச்சு.”

மீட்டெடுக்கும்போது அப்படித்தான் வரும். படம் வரும், பெயர் வராது. தேதியைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் மீட்டெடுத்த அன்றைய தேதி. அவை போனிலிருந்து போனுக்கு அனுப்பப்பட்டு வந்தவை, அதனால் உள்ளேயும் எடுத்த தேதி இல்லை. இதை அவருக்கு விளக்கினேன்.

“பரவால்லைங்க. நேத்து ராத்திரி பூரா எட்டுப் பேரும் உக்காந்து பிரிச்சோம். காசிம் பாய்தான் ஓட்டுனாரு, தண்டனை அவருக்கு. ஒவ்வொண்ணா போடுவாரு, ‘இது உன் புள்ள’, ‘இது என் தங்கச்சி கல்யாணம்’னு சொல்லி ஒதுக்குவோம். எம்பொண்ணுக்குப் பல்லு விழுந்தத வெச்சு, கம்மல் மாத்துனத வெச்சு வருசம் கண்டுபுடிச்சுட்டேன். ஒரே ஒரு வீடியோதான் நிக்குது மேடம். அதுக்குத்தான் போன் பண்ணேன். வேற ஏதாச்சும் வழி இருக்குமா?”

துண்டில் சுற்றிய ஒரு கைக்குழந்தை, இருபது நொடி. தூங்குகிறது. பேச்சுக் குரல் எதுவும் இல்லை, மின்விசிறிச் சத்தம் மட்டும். தங்கவேலுக்கும் அதே ரூமில் இருந்த குமாருக்கும் ஒரே வருஷம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இரண்டு பேருமே அப்போது ஊரில் இல்லை. தங்கவேல் தன் மகளை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது அவள் நடந்துகொண்டிருந்தாள்.

“எம்பொண்ணா, அவன் பொண்ணான்னு ரெண்டு பேருக்கும் சொல்லத் தெரியலைங்க” என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

என்னிடம் ஒரு வழியும் இல்லை. அட்டையில் ஒரு வரியும் இல்லை. ஊருக்கு, குழந்தையின் அம்மாவுக்கு அனுப்பிக் கேளுங்கள் என்றேன். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

“எம்பொண்ணுதாங்க. வீட்டுக்காரி பாத்த ஒடனே சொல்லிட்டா. ‘எடது கன்னத்துல பொட்டு வெச்சிருக்கேன்ல, நாந்தான எடது பக்கம் வெப்பேன்’னு திட்டுறா. இதுகூடத் தெரியாதாங்கிறா. ஒம்பது வருசம் பாத்த வீடியோ மேடம் அது. பேரை எடுத்துட்டா எனக்குத் தெரியல.”

பிறகு சொன்னார். “நீங்களும் அந்தக் காயல்பட்டினத்து அம்மாவும் இல்லைன்னா ஒண்ணும் மிஞ்சியிருக்காது. ரொம்ப நன்றிங்க.”

“இது எங்க வேலைங்க” என்றேன்.

முதல் நாள் நான் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் உங்கள் மகளின் பெயர் அழிந்திருக்காது என்று சொல்லவில்லை. சொல்லத்தான் வாயெடுத்தேன், நேரம் சிவப்பாக இருந்தது என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். திரையை நான் பார்க்கவே இல்லை. அது பச்சையாகவும் இருந்திருக்கலாம். ஒரு வாரத்தில் அவர் ஊருக்குப் போய்விட்டார், அந்த நம்பரும் செத்துவிட்டது.

ஹாஜரா மேடம் அந்த அழைப்பின் பதிவைக் கேட்டிருப்பார். எல்லாவற்றையும் கேட்பார். மறுநாள் மஞ்சள் அட்டையின் புதுப் பிரதியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒன்பதாவது வரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“நீங்க எழுதுங்க. உங்க வாயில வராமப் போனது.”

எழுதினேன். கடைசி இரண்டு வார்த்தைகளை, நேரம் சிவப்பானாலும் என்பதை, மேலிடத்தில் எடுக்கச் சொன்னார்களாம். அவர் எடுக்கவில்லை.

இவ்வளவுதான் ஷர்மிளா. இனி அந்த அட்டை வேண்டாம், போர்ட் இல்லாத ரவுட்டருக்கு அது எதற்கு? எனக்கும் புது ரவுட்டர் வைக்க ஆள் அனுப்புகிறோம் என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். உன் பக்கத்து மேசைப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், பின்னால் அந்த ஹாலின் இரைச்சல் அப்படியே கேட்டது. போனை வைக்க மனமில்லாமல் தேவையில்லாத இரண்டு கேள்வி கேட்டேன். பிறகு, அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள் என்றேன். என் ரவுட்டரிலும் ஒரு டிஸ்க் இருக்கிறது. ஆதிரை பிறந்த நாளிலிருந்து எடுத்தது எல்லாம் அதில் இருக்கிறது. இன்னும் இரண்டு இடத்திலும் இருக்கிறது. வாரம் ஒரு தடவை மூன்றையும் திறந்து பார்ப்பேன்.

போன தடவை லீவில் வந்திருந்தபோது பிரபு அவளை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீடியோவும் என் குரலில்தான் ஆரம்பிக்கும். “இன்னைக்கு செவ்வாய்க்கிழமை. ஆதிரைக்கு பதினோரு மாசம் நாலு நாள். ஷார்ஜா வீடு.” அப்புறம்தான் குழந்தை வரும்.

“ஏன் எல்லாத்துலயும் நியூஸ் வாசிக்கிற?” என்று சிரித்தார்.

“பேர் போயிட்டாலும் குரல் உள்ள இருக்கும்” என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. வீடியோவைத் திரும்ப முதலிலிருந்து வைத்தார்.

இன்று காலை அவள் ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். பிரபுவுக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். என்னைப் பார்த்ததும் நடப்பதை நிறுத்திவிட்டு, நேராக நின்று, “இன்னிக்கி” என்றாள். மீதியை நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.